அத்தியாயம் 4: எண்ணெய் டின்னிலிருந்து தொடங்குவோம்

காரவகை தயாரிக்கும் ஆலை ஒன்றில் மாதக் கடைசி இருப்புக் கணக்கு எடுத்தார்கள். கணினி சொன்ன பாமாயில் இருப்புக்கும் ஸ்டோரில் கண்ணால் கண்ட இருப்புக்கும் 270 கிலோ வித்தியாசம். மூன்றாவது மாதமாக இதே குறைவு. பதினொரு வருடமாக அங்கே வேலை பார்க்கும் ஸ்டோர் கீப்பர் மேல் சந்தேகம் விழுந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஸ்டோர் சாவி இரவில் முதலாளி வீட்டுக்குப் போக ஆரம்பித்தது. அந்த மனிதர் அதைப் புரிந்துகொண்டு வேலையை விட்டுவிடத் தயாராகிவிட்டார்.

திருட்டு எதுவும் நடக்கவில்லை. அந்த ஆலைக்கு இரண்டு வியாபாரிகள் எண்ணெய் போட்டார்கள். ஒருவருடைய டின் 15 கிலோ, இன்னொருவருடையது 15 லிட்டர். இரண்டும் ஒரே மாதிரித் தகர டின். பில்லிலும் இரண்டுக்கும் ‘டின்’ என்றுதான் இருந்தது. சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். ஆக 15 லிட்டர் டின்னுக்குள் இருப்பது 13.65 கிலோ. கணினியிலோ ‘ஒரு டின் = 15 கிலோ’ என்று ஒரே ஒரு வரி. மாதம் இந்த 15 லிட்டர் டின்கள் 200 வந்தால் டின்னுக்கு 1.35 கிலோ வீதம் 270 கிலோ எண்ணெய் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

பல லட்சம் கொடுத்து வாங்கிய மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அது பிழையே செய்யவில்லை. கொடுத்த எண்ணைச் சரியாகப் பெருக்கியது, கூட்டியது, அழகான வரைபடமாகவும் காட்டியது. டின் என்றால் என்ன என்று அந்த ஆலையில் யாரும் உட்கார்ந்து முடிவு செய்யாததுதான் குறை.

இந்த நூலில் டிஜிட்டல் அடித்தளம் என்று நான் சொல்வது அந்த முடிவுகளைத்தான். எந்தப் பொருள், எவ்வளவு, எப்போது, எந்த இடத்தில், யார் கையில் என்ற ஐந்து கேள்விகளுக்கும் ஆலையில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லும் நிலை வந்த பிறகுதான் சென்சார், டேப்லெட், இ.ஆர்.பி. எல்லாம். அதற்கு முன் வாங்கும் கருவி எதுவும் குழப்பத்தை இன்னும் வேகமாகப் பரப்பவே உதவும்.

சரக்கோடு சேர்ந்து செல்லும் சீட்டு

விரயத்தைக் குறைக்கும் லீன் முறை கார் கம்பெனியிலிருந்து வந்தது என்பதால் நமக்கு ஒத்துவராது என்று உணவுத் தொழிலில் இருப்பவர்கள் பலர் நினைக்கிறார்கள். அதன் வேரைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. டொயோடா குழுமத்தின் நிறுவனர் சாகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போகாது. பின்னாளில் டொயோடா கார் ஆலையில் பொறியாளர் தாயிச்சி ஓனோ அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் அலமாரியிலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அலமாரி மறுபடி நிரப்பப்படுகிறது. அதைப் போல, அடுத்த பிரிவு எடுத்துக்கொண்ட அளவுக்கே முந்தைய பிரிவு தயாரிக்க வேண்டும். அந்தத் தகவலைச் சுமந்து செல்லும் சீட்டுதான் கான்பன். ஆக, லீனின் ஒரு மூலக் கருத்து மளிகைக் கடையிலிருந்தே கார் ஆலைக்குப் போனது.

இன்று டீக்கடையில் பணம் செலுத்த நாம் ஸ்கேன் செய்யும் க்யூஆர் குறியீடும் இந்தப் பரம்பரைதான். டொயோடா குழுமத்தைச் சேர்ந்த டென்சோவில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994-இல் அதை உருவாக்கியது. கார் உதிரிபாகங்களோடு போகும் தகவலுக்குப் பழைய பார்கோடில் இடம் போதவில்லை என்பதுதான் காரணம். தகவல் சரக்கோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும், அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. நம் ஆலையில் செய்யப்போவதும் அதுவே.

சென்னையைச் சுற்றியுள்ள வாகன உதிரிபாக ஆலைகளுக்கு இது புதிதல்ல. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-இல் பெற்றது. அந்த ஒழுங்கு பக்கத்துத் தெருவில் இருக்கும் உணவு ஆலைக்குள் இன்னும் முழுதாக நுழையவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. இரும்பு உதிரிபாகம் மூன்று நாள் காத்திருந்தால் இடத்தைத்தான் அடைக்கும். முறுக்கு மூன்று மணி நேரம் திறந்த தட்டில் காத்திருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து நமுத்துவிடும். சட்டியில் இருக்கும் எண்ணெய் ஒவ்வொரு மணி நேரமும் முதுமை அடைகிறது. ஆகவே உணவு ஆலையில் ‘எப்போது’ என்ற கேள்வி ‘எவ்வளவு’ என்பதற்கு இணையானது. பழைய நோட்டுகளில் தேதி இருக்கும், நேரம் இருக்காது. முதலில் திருத்த வேண்டிய பழக்கம் இது.

பெயர் வைத்தல்

ஒரே சரக்கைக் கொள்முதல் பிரிவு ‘க.மாவு’ என்கிறது, ஸ்டோர் ‘கடலை மாவு நயம்’ என்கிறது, பில்லில் வியாபாரியின் பிராண்ட் பெயர் வருகிறது, சரக்கு மாஸ்டர் ‘மஞ்ச மாவு’ என்று கேட்கிறார். பேச்சில் இது பிரச்சினை இல்லை. கணினியில் இவை நான்கு வேறு பொருள்கள்.

ஒரு நாள் ஒதுக்குங்கள். கொள்முதல், ஸ்டோர், தயாரிப்பு, பேக்கிங், கணக்கு ஆகிய ஐந்து பிரிவிலிருந்தும் தலா ஒருவர். சரக்கு மாஸ்டர் கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்டோருக்குள் நடந்து ஒவ்வொரு மூட்டையையும், டின்னையும், ஃபிலிம் ரோலையும் தொட்டுப் பார்த்து ஒரு பெயர், ஒரு குறியீட்டு எண், ஒரு அலகு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அலகு என்பது ஆலைக்குள் எப்போதும் கிலோவாகவே இருக்கட்டும். வாங்கும்போது டின்னாக, மூட்டையாக வரலாம். உள்ளே வரும்போது தராசில் ஏற்றி, கிலோவாக மாற்றித்தான் ஸ்டோர் வாசலைத் தாண்ட வேண்டும். கணக்குக்காக ஏற்கெனவே டேலி மென்பொருள் வைத்திருப்பீர்கள். அதில் இருக்கும் பெயர்களையும் இதே பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு பட்டியல்கள் வைத்துக்கொண்டு ‘பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்’ என்றால் அந்தப் பிறகு வரவே வராது.

பெயருக்குள் விவரத்தைத் திணிக்காதீர்கள். ‘முறுக்கு 200 புதிய கவர் மதுரை’ என்று பெயர் வைத்தால் அடுத்த மாதம் கவர் பழையதாகிவிடும். அளவு, கவர் வகை, ஊர் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும்.

பட்டியல் முடிந்ததும் ஒருவரை அதற்குப் பொறுப்பாளராக்குங்கள். புதுப் பொருள் சேர்க்கும் உரிமை அவர் ஒருவருக்கு மட்டும். ஆலையில் இதைவிட மலிவான சீர்திருத்தம் நான் பார்த்ததில்லை. ஒரு எக்செல் தாள் போதும்.

எடைச் சமன்

பெயரும் அலகும் சரியானதும், எண்கள் முதன்முறையாகப் பேச ஆரம்பிக்கும். அவற்றைப் புரிந்துகொள்ள எடைச் சமன் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும், ஆவியாகப் போனதையும் சேர்த்து, ஒத்துப்போக வேண்டும் என்பதே அது.

முறுக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் சரக்குக்கு நீங்களே அளந்து பாருங்கள். 100 கிலோ மாவுக் கலவை. அதில் இயல்பாகவே 10 சதவீதம் ஈரம் இருப்பதால் உலர்ந்த பொருள் 90 கிலோ. பிசையும்போது சேர்த்த தண்ணீர் சட்டியில் ஆவியாகிவிடும், அதன் இடத்தில் எண்ணெய் ஏறும். பொரித்த முறுக்கில் எண்ணெய் 25 சதவீதம், ஈரம் 3 சதவீதம் என்றால் மீதி 72 சதவீதம்தான் அந்த 90 கிலோ. ஆக 125 கிலோ முறுக்கு கிடைக்கும். அதில் எண்ணெய் 31 கிலோ சொச்சம்.

இப்போது சட்டியின் சூடு குறைந்து, எண்ணெய் 28 சதவீதமாக ஏறுகிறது என்று வையுங்கள். அதே 100 கிலோ மாவில் 130 கிலோ முறுக்கு வரும். எண்ணெய் செலவு 5 கிலோவுக்கு மேல் கூடியிருக்கும். விளைச்சலை மட்டும் பார்க்கிற ஆலையில் அன்று பாராட்டுதான் கிடைக்கும், 5 கிலோ சரக்கு கூடுதலாக வந்திருக்கிறதே! எண்ணெய் குடித்த முறுக்கு கடையில் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதும், லேபிளில் அச்சிட்ட கொழுப்பு அளவு பொய்யாவதும் பல வாரம் கழித்துப் புகாராக வரும். அதற்குள் எந்த நாள், எந்தச் சட்டி என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் குறைந்தது நான்கு எடைகள் வேண்டும்: மாவு, சேர்த்த எண்ணெய், பொரித்து எடுத்த சரக்கு, கழிவும் உடைசலும். இந்த நான்கும் பொரிக்கும் இடத்திலேயே, அந்த நேரத்திலேயே பதிவாக வேண்டும். ஷிப்ட் முடிந்து சூப்பர்வைசர் மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் எண்கள் எப்போதும் மிக அழகாக இருக்கும். 125, 125, 125 என்று வரிசையாக வந்தால் அந்தத் தாளை நம்பாதீர்கள்.

எண்ணெயைப் பற்றி இன்னொன்று. மீண்டும் மீண்டும் சூடாக்கும் எண்ணெயில் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. இதைக் கையடக்கக் கருவியாலேயே சட்டியருகில் அளந்துவிடலாம். ஷிப்டுக்கு இரண்டு முறை அளந்து, சட்டி எண், நேரம், சூடு, புதிதாக ஊற்றிய எண்ணெய் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு மாதம் பதிந்து பாருங்கள். எந்தச் சரக்கு எண்ணெயை வேகமாகக் கெடுக்கிறது என்பது தெரிந்துவிடும். உதிர்ந்த மாவுத் தூள் சட்டியின் அடியில் கருகுவதுதான் பெரும்பாலும் காரணம். வடிகட்டும் இடைவெளியை மாற்றினாலே எண்ணெயின் ஆயுள் நீளும். சட்டத்துக்காக அளப்பது வேறு, சட்டியைப் புரிந்துகொள்ள அளப்பது வேறு. ஒரே அளவு இரண்டுக்கும் உதவும்போது ஏன் ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்?

தட்டோடு போகும் அட்டை

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு எண். அந்த எண்ணைத் தாங்கிய அட்டை, க்யூஆர் குறியீட்டோடு, மாவு பிசைந்த பாத்திரத்திலிருந்து பொரித்த தட்டுக்கும், ஆறவைக்கும் அடுக்குக்கும், பேக்கிங் மேசைக்கும் போக வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மொபைலால் ஸ்கேன். அவ்வளவுதான். ஒரு ஸ்கேனில் எந்தத் தொகுதி, எந்த இடம், எந்த நேரம், யார் என்ற நான்கும் பதிந்துவிடும். எழுத வேண்டியது எடை ஒன்றே.

அட்டை காகிதமாக இருக்கக் கூடாது. எண்ணெய்க் கையும் ஆவியும் அரை மணி நேரத்தில் அதை அழித்துவிடும். லேமினேட் செய்த அட்டை அல்லது கழுவக்கூடிய பிளாஸ்டிக் அட்டை வேண்டும். உணவில் தவறி விழுந்தால் கண்ணில் படும்படி நீல நிறமாக இருப்பது நல்லது. நம் சரக்கில் நீலம் எதுவும் இல்லை.

இந்த அட்டையால் வரும் முதல் பயன், தேங்குமிடம் தெரிவது. பொரித்து முடித்த நேரத்துக்கும் சீல் போட்ட நேரத்துக்கும் இடையே எவ்வளவு என்று ஒரு வாரம் பாருங்கள். ஆறுவதற்கு 40 நிமிடம் போதும் என்கிற இடத்தில் தட்டுகள் மூன்று மணி நேரம் நிற்பதைக் காண்பீர்கள். பொரிக்கும் பிரிவு தன் இலக்கை எட்ட வேண்டும் என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறது, பேக்கிங் பின்தங்குகிறது. லீனில் மிகப் பெரிய விரயம் என்று ஓனோ கருதிய அதிக உற்பத்தி இதுதான். மற்ற விரயங்களை எல்லாம் அது தன் அடியில் மறைத்துக்கொள்ளும். தீர்வுக்குக் கணினி வேண்டாம். அடுக்கில் இத்தனை தட்டுக்கு மேல் இடம் இல்லை என்று தரையில் கோடு போடுங்கள். கோடு நிரம்பினால் சட்டியில் அடுத்த ஈடு போடக் கூடாது.

இரண்டாவது பயன், சரக்கைத் திரும்பப் பெற வேண்டி வந்தால். பாக்கெட்டில் தொகுதி எண் அச்சிடுவது கட்டாயம், அதை எல்லோரும் செய்கிறார்கள். உணவுப் பொருளைத் திரும்பப் பெறுவதற்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிமுறை 2017-இலேயே வந்துவிட்டது. ஆனால் அச்சிட்ட எண்ணிலிருந்து பின்னோக்கிப் போய் எந்த மூட்டை நிலக்கடலை என்று சொல்லவும், முன்னோக்கிப் போய் எந்தெந்த விநியோகஸ்தருக்கு அந்தச் சரக்கு போனது என்று சொல்லவும் முடிகிற ஆலைகள் குறைவு. மாதம் ஒரு முறை கடையில் ஒரு பாக்கெட்டை வாங்கிவந்து மேசையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துச் சோதித்துப் பாருங்கள். முதல் தடவை ஒரு நாள் முழுக்க ஆகும். இரண்டு மணி நேரத்துக்குள் வரும்வரை விடாதீர்கள். நிலக்கடலையில் பூஞ்சை நச்சு என்று ஒரு மூட்டையின் மேல் சந்தேகம் வந்தால், அந்த ஒரு மூட்டை போன தொகுதிகளை மட்டும் திருப்பி வாங்குவதா, அந்த மாதச் சரக்கு முழுவதையும் திருப்பி வாங்குவதா என்பதை இந்த அட்டைதான் தீர்மானிக்கும். அதற்கு முன்னதாக, அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்திருக்கிற குழந்தையைப் பாதுகாக்கும் வேகத்தையும் அதுவே தரும்.

பேக்கிங் மேசையில் ஐந்து பாக்கெட்

பணம் சீக்கிரம் கண்ணில் தெரிவது இங்கேதான். ஆகவே பெயர்ப் பட்டியல் முடிந்ததும் முதல் முயற்சியை இங்கே செய்யச் சொல்வேன்.

சட்டமுறை எடையளவு விதிகளின்படி 200 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட்டுகளின் சராசரி 200-க்குக் கீழே போகக் கூடாது. தனியொரு பாக்கெட்டில் 4.5 சதவீதம், அதாவது 9 கிராம் வரை குறை இருக்கலாம். குறைந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் கூட்டிப் போடுகிறார்கள். நாளைக்கு 10,000 பாக்கெட்டுகள், சராசரி 206 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 202-க்குக் கொண்டுவந்தால் தினம் 40 கிலோ மிச்சம். கிலோவுக்கு அடக்க விலை 180 ரூபாய் என்றால் 25 வேலை நாளில் 1,80,000 ரூபாய்.

ஆனால் ‘கிராமைக் குறையுங்கள்’ என்று உத்தரவு போட்டால் அபராதம்தான் வரும். சராசரியை இறக்க வேண்டுமானால் முதலில் பாக்கெட்டுக்குப் பாக்கெட் இருக்கும் ஏற்ற இறக்கம் சுருங்க வேண்டும். அதற்கு அரை மணிக்கு ஒருமுறை ஐந்து பாக்கெட்டுகளை எடைபோட்டு, மேசைக்கு எதிரே இருக்கும் வெள்ளைப் பலகையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கணினி வேண்டாம், இரண்டு வாரம் பலகை மட்டும்.

அப்படிப் பலகை வைத்த ஒரு ஆலையில் நான் கேட்ட பேச்சு இது.

“அக்கா, பதினொரு மணிப் புள்ளி மட்டும் ஏன் மேலே போயிருக்கு?”

“உடைசல் தம்பி. தட்டைத் தூக்கித் தொட்டியில கொட்டறப்ப உடையுது. தூளெல்லாம் அடியில தங்கி, தொட்டி தீர்ற நேரத்துல மொத்தமா விழுது. அந்தப் பாக்கெட்டெல்லாம் கனமாத்தான் வரும்.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“யாரு கேட்டா?”

தொட்டிக்குள் ஒரு சரிவுத் தகடு வைத்துக் கொட்டும் உயரத்தைக் குறைத்தார்கள். உடைசல் குறைந்தது, புள்ளிகள் நெருங்கி வந்தன. அதன் பிறகே தராசை டேப்லெட்டோடு இணைத்தோம். பல மின்னணுத் தராசுகளில் ஆர்.எஸ்.232 இணைப்புத் துளை ஏற்கெனவே இருக்கும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். எடை நேராகக் கணினிக்குப் போனால் எழுதும் வேலையும் திருத்தும் ஆசையும் சேர்ந்தே போய்விடும். திரையில் தமிழ் எழுத்தும் மூன்று நிறங்களும் போதும்.

எண்ணை எழுதுகிறவருக்குத்தான் அந்த எண் முதலில் பயன்பட வேண்டும் என்பதை அந்த அக்காவிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். மேலே அறிக்கை போவதற்காக மட்டும் எழுதப்படும் எண், எழுதுகிறவருக்குச் சுமை. சுமையைச் சீக்கிரம் இறக்கி வைப்பதற்காக ஏதோ ஒன்றை எழுதுவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு பதிவுக் கட்டத்தையும் சேர்க்கும் முன் கேளுங்கள்: இதைப் பார்த்து, பதிகிறவர் இன்றைக்கே எதை மாற்றுவார்? பதில் இல்லை என்றால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். படிக்கப்படாத பதிவும் ஒரு விரயம்தான்.

இயந்திரம் ஏன் நின்றது

பேக்கிங் இயந்திரத்தின் திறனை அளக்க செய்யிச்சி நாகாஜிமா வகுத்த ஓ.இ.இ. என்ற கணக்கு உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஓடிய நேரம், ஓடிய வேகம், நல்ல சரக்கின் விகிதம் என மூன்றையும் பெருக்க வேண்டும். எளிய வழி ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 40 பாக்கெட் போடும் இயந்திரம் 480 நிமிட ஷிப்டில் 19,200 போட்டிருக்கலாம். நல்ல பாக்கெட் 11,900 வந்தது என்றால் 62 சதவீதம். 85 சதவீதம் உலகத் தரம் என்று பேசப்படும். அதைச் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள். பத்து வகைச் சரக்கு ஓட்டும் சிறிய ஆலையும் ஒரே சரக்கு ஓட்டும் பெரிய ஆலையும் ஒரே எண்ணை நோக்கி ஓட முடியாது. போன மாதத்தைவிட இந்த மாதம் எப்படி, அது ஒன்றே கேள்வி.

சதவீதத்தைவிட நின்றதற்கான காரணம் முக்கியம். இயந்திரத்தின் மின்கம்பியில் ஒரு மின்னோட்ட உணரியை மாட்டினால், ஓடுகிறதா நிற்கிறதா என்பது நிமிடக் கணக்கில் தானாகப் பதியும். இயந்திரத்தைத் திறக்க வேண்டாம், உத்தரவாதமும் கெடாது. நான் முதலில் வாங்கச் சொல்லும் உணரி இதுதான். நின்ற காரணத்தை மட்டும் ஆள் அழுத்த வேண்டும். எட்டுப் பொத்தான்களுக்கு மேல் வைக்காதீர்கள்: ஃபிலிம் மாற்றம், சீல் கோளாறு, சரக்கு வரவில்லை, கழுவுதல், வகை மாற்றம், மின்தடை, ஆள் இல்லை, மற்றவை. ‘மற்றவை’ ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பட்டியல் தவறு என்று பொருள், ஆட்களிடம் திரும்பப் போய்க் கேளுங்கள்.

வகை மாற்ற நேரத்தைக் குறைக்க ஷிகியோ ஷிங்கோ சொன்ன வழி இன்றும் வேலை செய்கிறது. இயந்திரம் ஓடும்போதே செய்யக்கூடியதை நின்ற பிறகு செய்யாதீர்கள். அடுத்த ரோலைத் தேடிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பது அப்படி ஒன்று. உணவில் ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு. நிலக்கடலை சேரும் மிக்சரை ஓட்டிவிட்டு அடுத்து ஓமப்பொடி ஓட்டினால் முழுக் கழுவல் வேண்டும், ஒவ்வாமை உள்ளவர் உயிர் சம்பந்தப்பட்டது. ஓமப்பொடியை முதலில் ஓட்டி மிக்சரைக் கடைசியில் வைத்தால் ஒரு கழுவல் மிச்சம். வரிசையைத் திட்டமிடும் தாளில் ‘கடலை உண்டு, இல்லை’ என்ற ஒரு கட்டம் இருந்தால் போதும். அந்தக் கட்டம் பெயர்ப் பட்டியல் செய்த நாளிலேயே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.

கம்பி, மின்சாரம், கடவுச்சொல்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும், பத்து நிமிட வித்தியாசம் இருந்தால் தொகுதி அட்டை பொய் சொல்லும். வைஃபை எட்டாத மூலையிலும் பதிவு நிற்காமல், கருவியிலேயே சேமித்துப் பிறகு அனுப்பும் வசதி வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடத்தில் ஐபி65-க்குக் குறையாத பாதுகாப்புள்ள கருவிதான். நெட்வொர்க் பெட்டிக்கு யூ.பி.எஸ். தினமும் ஒரு நகல் ஆலைக்கு வெளியே. ஆளுக்கு ஒரு கடவுச்சொல். ஒரே கடவுச்சொல்லை ஷிப்ட் முழுக்கப் பயன்படுத்தினால் ‘யார்’ என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது.

வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடும் பழக்கம் எல்லா ஆலையிலும் இருக்கிறது. தடுக்காதீர்கள், எச்சரிக்கைக்கு அது நல்ல வழி. ஆனால் பதிவேடு அதுவல்ல. மூன்று மாதம் கழித்து அதிலிருந்து எந்த எண்ணையும் கூட்ட முடியாது.

காலைப் பத்து நிமிடம்

எண்கள் இருக்கும் பலகை முன்னால் ஒவ்வொரு காலையும் பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசுங்கள். நேற்று என்ன நடந்தது, இன்று எதை மாற்றப்போகிறோம், யார், எப்போதுக்குள். முதலாளி வாரத்தில் இரண்டு நாளாவது அங்கே இருக்க வேண்டும். இருந்து, கேட்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆறு மாதம் இந்த எண்களை வைத்து யாருடைய சம்பளத்திலும் கை வைக்காதீர்கள். ஒரு ஆலையில் முதல் வாரமே, கழிவு அதிகம் காட்டிய ஷிப்டுக்குப் படியைப் பிடித்தார்கள். மறுவாரம் எல்லா ஷிப்டிலும் கழிவு பாதியானது. உண்மையான கழிவு சாக்கடை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆலையின் தாள்களில் மறுபடி உண்மை எழுதப்பட இரண்டு வருடம் ஆயிற்று.

பணமும் ஒப்பந்தமும்

பெயர்ப் பட்டியல், எடைப் பலகை, தொகுதி அட்டை, இயந்திர உணரி என்ற வரிசையில் ஒரே ஒரு லைனில் மட்டும் தொடங்கினால் மூன்று மாதத்துக்குள் ஒரு உருவம் கிடைத்துவிடும். எல்லா லைனிலும் ஒரே நாளில் தொடங்கிய முயற்சி எதுவும் நிலைத்து நான் பார்த்ததில்லை. சிறு, குறு, நடுத்தர ஆலைகளுக்கு மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது. அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்ற மூன்று படிகளில் ஆலோசகர் வழிகாட்டுதலுக்கான செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் திட்டம் அது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கும் நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய உணவு ஆலைகளுக்கு, 2020-இல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் இயந்திர முதலீட்டுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது; அதுவும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப ஐயங்களுக்குத் தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தை அணுகலாம்.

மென்பொருள் விற்க வருகிறவரிடம் திரைகளைக் காட்டச் சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் தகவல் முழுவதையும் எந்த நாளிலும் எக்செல் தாளாக நானே இறக்கிக்கொள்ள முடியுமா? என் தராசும் உணரியும் உங்களுடையவை அல்லாமல் இருந்தாலும் இணையுமா? ஒப்பந்தம் முடிந்தால் தகவல் எத்தனை நாள் உங்களிடம் இருக்கும், எந்த வடிவில் திரும்பக் கொடுப்பீர்கள்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, உங்கள் பெயர்ப் பட்டியலை அவர் கையில் கொடுத்து, இரண்டு வகை எண்ணெய் டின்னையும் அவருடைய மென்பொருளில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டோர் கீப்பரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.